நீருக்கும் ஒரு வேலி

மனையைச் சுற்றி வேலி அடைத்தல் நம் முன்னோர் வழக்கம். கள்வர் புகாமலும் கால்நடை மேயாமலும் அது காத்தது. ஆயின், மனைக்குள்ளே உள்ள நீரினின்று மழலைச் செல்வங்களைக் காத்தற்கும் ஒரு வேலி வேண்டும் என்பதை நம்மிற் பலர் எண்ணுவதில்லை.

கண்டி மாநகரின் நடுவே விளங்கும் வாவியை வாசகர் பலர் கண்டிருப்பர். கண்டி அரசின் இறுதி மன்னனான ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் 1807 ஆம் ஆண்டளவில் வயல்நிலத்தை அணைகட்டி அதனை ஆக்குவித்தான். அதன் கரையிலுள்ள வெண்சுவரைச் சிங்கள மக்கள் ‘வலாகுளு பெம்ம’, அதாவது மேகச் சுவர், என்பர். விளக்கு வைத்தற்குரிய மாடங்களுடன் அழகு கருதி எழுந்த சுவர் அது. காவல் கருதி எழும் வேலிக்கோ இலக்கணம் வேறு. நகரைச் சூழ்ந்த குன்றுகளில், விடுதிகளிலும் செல்வர் மனைகளிலும் நீச்சல் தடாகங்களை இன்று காண்கின்றோம். ஆதலின் அவ்விலக்கணத்தை அறிந்துகொள்வது நமக்கு நலம் பயக்கும்.

2021 ஆம் ஆண்டில் உலகெங்கும் ஏறத்தாழ 300,000 பேர் நீரில் மூழ்கி இறந்தனர் என உலக சுகாதார நிறுவனம் கணித்துள்ளது. அவருள் ஏறக்குறைய நால்வரில் ஒருவர் ஐந்து வயது நிரம்பாத சிறார். மூழ்கும் குழந்தை கூவி அழைக்கும் என்று நம்பியிருத்தல் ஆகாது. மூச்சுக்குத் தவிக்கும் வாய் குரலெழுப்ப இயலாது. தாய் அடுப்படிக்குச் சென்று பாலை இறக்கிவிட்டுத் திரும்பும் நேரமே போதும்.

வேலியின் இலக்கணம்

இத்துறையில் அவுஸ்திரேலியா நெடுநாள் அனுபவமுடையது. அங்கே நியூ சவுத் வேல்ஸ் மாநிலம் 1992 ஆம் ஆண்டில் நீச்சல் தடாகச் சட்டம் இயற்றியது. பிரான்சு தேசமும் 2003 ஆம் ஆண்டில் இத்தகைய சட்டம் ஒன்றை ஆக்கியது. அவுஸ்திரேலிய விதிகளின்படி வேலி 1.2 மீற்றர், அதாவது நான்கடி உயரமேனும் இருத்தல் வேண்டும். கம்பிகளின் இடைவெளியும், வேலியின் அடிக்கும் நிலத்துக்கும் உள்ள இடைவெளியும் 10 சென்ரிமீற்றரை மிஞ்சலாகாது. காலூன்றி ஏறத்தக்க நாற்காலி, பூச்சாடி, மரக்கிளை முதலியன வேலியருகே இருத்தலாகாது.

மூன்று புறமும் வேலியிட்டு, நான்காம் புறத்தை வீட்டுச் சுவருக்கு விட்டுவிடுவோர் உளர். குழந்தையோ தெருவிலிருந்து வருவதில்லை; வீட்டிலிருந்தே வருகின்றது. பின்கதவு திறந்திருப்பின் அவ்வேலியாற் பயன் என்ன? நாற்புறமும் சூழ்ந்து, தடாகத்தை வீட்டினின்றும் பிரிக்கும் வேலியே பெருங்காவல் என ஆய்வுகள் காட்டியுள்ளன.

படலையின் பணி

வேலி எத்துணைச் சிறந்ததாயினும் திறந்து கிடக்கும் படலை அதனை வீணாக்கிவிடும். ஆகவே, படலை விட்டவுடன் தானே மூடிக்கொள்ளல் வேண்டும். கொண்டியும் தானே விழுதல் வேண்டும். கொண்டியை விடுவிக்கும் பிடி சிறுகைக்கு எட்டாதவாறு ஐந்தடி உயரத்தில் அமைதல் நன்று. படலை தடாகத்தின் பக்கமாகத் திறவாமல் வெளிப்புறமாகத் திறத்தல் வேண்டும். கொண்டி சரியாக விழாதிருப்பினும், உட்புக விரும்பித் தள்ளும் குழந்தை அதனை மூடவே செய்யும். காற்றோட்டத்துக்கென்று படலைக்குக் கல் அண்டை கொடுத்து வைப்பது இவ்வளவு ஏற்பாட்டையும் பாழாக்கும்.

மலைநாட்டில் இன்னுமொன்று கவனித்தற்குரியது. சரிவில் எழுந்த வேலி கீழ்ப்புறத்திலிருந்து நோக்க உயர்ந்து தோன்றும். மேட்டுப்புறத்தில் அதுவே குழந்தையின் மார்பளவுக்குக் குறைந்துவிடும். ஆதலின் குழந்தை நிற்கக்கூடிய மேட்டிலிருந்தே உயரத்தை அளத்தல் வேண்டும். சரிவிற் பொருத்திய படலை தன் பாரத்தாலேயே திறந்துகொள்ளாதவாறும் பார்த்தல் வேண்டும்.

தடாகம் உடையோர்க்கு மட்டும் உரியதன்று இவ்வெச்சரிக்கை. கட்டில்லாக் கிணறு, மரக்கறித் தோட்டத்து நீர்க்குழி, மூடியற்ற தொட்டி, குளியலறையில் நிறைத்து வைத்த வாளி யாவும் குழந்தைக்கு ஆபத்தே. கிணற்றுக்குக் கட்டும் மூடியும் அமைப்பதும், வேலை முடிந்ததும் வாளியைக் கவிழ்த்து வைப்பதும் ஏழை இல்லத்திலும் இயல்வனவே.

எனினும் வேலி ஒருபோதும் கண்ணுக்கு ஈடாகாது. கண் தவறிய கணத்தில் அது சற்று அவகாசம் தரும், அவ்வளவே. அந்த அவகாசம் ஓர் உயிரின் விலையாகலாம். ஆதலின், பெற்றோரே, இன்று மாலையே உங்கள் மனையைச் சுற்றி ஒருமுறை நடந்து பாருங்கள். குழந்தையின் உயரத்துக்குக் குனிந்து பாருங்கள். அடைக்க வேண்டிய வழியைச் சட்டம் வந்து கேட்குமுன் நாமே அடைப்போமாக.