‘டெலிட்டீரியஸ்’ என்னும் ஆங்கிலச் சொல்லின் ஆட்சி

தீங்கு பயப்பது என்னும் பொருள்பட ஆங்கிலத்தில் வழங்கும் சொற்கள் பல. அவற்றுள் ‘ஹார்ம்ஃபுல்’ என்பது பேச்சிலும் எழுத்திலும் ஒருங்கே பயில்வது; எவ்விடத்தும் பொருந்துவது. ‘டெலிட்டீரியஸ்’ என்பதோ சட்டநூல், மருத்துவநூல், உயிரியல்நூல் ஆகியவற்றிலேயே பெரும்பாலும் காணப்படுவது. ஆங்கிலத்தை இரண்டாம் மொழியாகக் கற்கும் நம் மாணவர், ‘ஹார்ம்ஃபுல்’ நிற்குமிடத்தில் இதனைப் பெய்துவிட்டால் நடை உயர்ந்துவிடும் எனக் கருதி இடர்ப்படுகின்றனர். ‘அவன் ஒரு டெலிட்டீரியஸ் மனிதன்’ என்று எழுதிய விடைத்தாளை யான் திருத்தியதுண்டு. இலக்கண வகையால் அத்தொடரில் பிழை இல்லை. எனினும் ஆங்கிலேயர் எவரும் அவ்வாறு எழுதார். அஃது ஏன் என்பதே ஈண்டு ஆராயத்தக்கது.

முதற்கண் சொற்பிறப்பு. ‘அழிப்போன்’, ‘கேடு செய்வோன்’ எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லின் அடியாகப் பிறந்து, இலத்தீன் வழியாகப் பதினேழாம் நூற்றாண்டில் ஆங்கிலம் புகுந்தது இச்சொல். எழுதியதை நீக்குதலைக் குறிக்கும் ‘டெலீட்’ என்பதனோடு இதனை இணைத்துக் காண்பார் உளர். அஃது ஒலியொப்புமையால் நேர்ந்த மயக்கம். ‘டெலீட்’ வேறோர் இலத்தீன் வினையடியிற் பிறந்தது. காய்ச்சலிற் பிதற்றுவோனைக் குறிக்கும் ‘டெலிரியஸ்’ என்பதும் இதற்கு உறவன்று. அது ‘படைச்சாலை விட்டு விலகுதல்’ என்னும் உழவர் வழக்கிலிருந்து வந்தது. ஏர் சால் தப்பியோடுவது போல அறிவு வழிதப்பியது என்பது கருத்து. நம் உழவர்க்கும் எளிதில் விளங்கும் உவமை அது. விடைத்தாள்களில் இவ்விரு சொற்களும் ஒன்றன் இடத்தில் மற்றொன்று வருதல் மிகுதி.

இனி, இனச்சொற்களோடு வைத்து நோக்குவோம். ‘டெட்ரிமெண்டல்’ என்பதன் வேர்ப்பொருள் தேய்த்தல். ஆகவே இழப்பும் குறைவும் அதன்கண் முனைந்து நிற்கும். ‘இன்ஜூரியஸ்’ உரிமைக்கு மாறானதைக் குறித்துப் பின் உடற்கு உறும் ஊற்றையும் தழுவிற்று. ‘நாக்ஸியஸ்’ பெரும்பாலும் ஆவி, புகை, களை முதலிய பருப்பொருள்களுக்கு அடையாகும். ‘பெர்னிஷியஸ்’ என்பதன் வேர் கொலையைக் குறிப்பது. மறைவாக இருந்து மாய்க்கும் தீமையை அது சுட்டும். ஒருவகைக் குருதிச்சோகைக்கு இவ்வடையைச் சேர்த்தே பெயரிட்டனர். 1926-இல் ஈரல் உணவால் அந்நோயைத் தணிக்கலாம் என மைனாட், மர்ஃபி என்னும் இருவரும் காட்டிய பின்னர் அது கொல்லும் நோயாக இல்லை. பெயர் மட்டும் மாறாது நிற்கிறது. தீய கொள்கைக்கும் தீய பழக்கத்துக்கும் ‘பெர்னிஷியஸ்’ அடையாகி வரும். ‘டெலிட்டீரியஸ்’ அவ்வாறு ஒன்றன் இயல்பை இழித்துரைப்பதன்று. ஒரு பொருளோ செயலோ மற்றொன்றன் நன்னிலையைக் கெடுக்கும் விளைவுடையது என்பதனை மட்டும் அது கூறும். அவ்விளைவு பெரும்பாலும் மெல்ல நிகழ்வது. உடனே கண்ணிற் படாதது. மனிதனை அச்சொல்லாற் சுட்டுதல் பொருந்தாமை இதனாற் பெறப்படும்.

விளைவைக் கூறும் சொல்லாதலின், ‘எதற்கு?’ என்னும் வினாவை அஃது எழுப்பிக்கொண்டே நிற்கும். பயனிலையாக வருங்கால் ‘டு’ என்னும் இடைச்சொல் அதனைத் தொடரும். ‘டெலிட்டீரியஸ் டு ஹெல்த்’ என்பது செவ்விய வழக்கு. ‘ஃபார்’ சேர்த்தெழுதுவது நம்மவர் பிழைகளுள் ஒன்று. ‘எஃபெக்ட்’ என்பதற்கு அடையாக வருங்கால், பின்வரும் ‘ஆன்’ அப்பெயரைப் பற்றி வருவதேயன்றி இவ்வடையைப் பற்றியதன்று. இதனை உணராதார் ‘டெலிட்டீரியஸ் ஆன் ஹெல்த்’ என எழுதி இடறுவர். தமிழ் கற்றோர்க்கு முன்னையது எளிது. நான்காம் வேற்றுமைப் பொருள்களுள் பகையினையும் ஒன்றாக வைத்தது நன்னூல். ‘கறையான் மரத்திற்குப் பகை’ என்புழிக் குகரவுருபு நிற்பது போன்றே ஆங்கிலத்தில் ‘டு’ நிற்கிறது என்க.

இச்சொல்லின் நுட்பம் முழுதும் விளங்கும் இடம் சட்டம். 1860-ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டத்து 324-ஆம் பிரிவு, ஊறு செய்வதற்குரிய கருவிகளை அடுக்குங்கால், நஞ்சினையும் அரிக்கும் பொருளையும் வெடிபொருளையும் கூறிய பின்னர், இச்சொல்லைப் பெய்து மற்றொரு வகையைத் தனியே கூறுகிறது. மூச்சோடு இழுத்தலோ, விழுங்குதலோ, குருதியில் ஏற்றலோ மனித உடலுக்குக் கேடு பயப்பதாகும் பொருள் என்பது அதன் கருத்து. அத்தொடரில் ‘டெலிட்டீரியஸ்’ பொருளுக்கு நேரே அடையாகாமல், இழுத்தல், விழுங்குதல், ஏற்றல் என்னும் தொழில்களுக்குப் பயனிலையாக நிற்பது கருதத்தக்கது. பாதரசம் இதற்குச் சான்றாகும். அதன் ஆவியை மூச்சோடு இழுத்தல் பெருங்கேடு. அதே பாதரசம் நீர்ம உலோகமாக வயிற்றுட் சென்றால் பெரும்பகுதி உடலில் ஏறாமற் கழிந்துவிடும். பொருள் ஒன்றே, கேடு புகும் வழியால் வேறுபடுகிறது. 2024 சூலை முதல் நாள் நடைமுறைக்கு வந்த புதிய சட்டத்தின் 118-ஆம் பிரிவிலும் இத்தொடர் அவ்வாறே நிற்கிறது.

அமெரிக்க நாட்டில் இச்சொல் வழக்கு மன்றமும் ஏறிற்று. 1906-ஆம் ஆண்டின் உணவு, மருந்துச் சட்டம், உடல்நலத்திற்கு ஊறு விளைக்கக்கூடிய நஞ்சோ பிற ‘டெலிட்டீரியஸ்’ பொருளோ சேர்க்கப்பட்ட உணவைக் கலப்புணவு என்றது. நைட்ரஜன் பெராக்சைடு ஆவியால் வெளுக்கப்பட்ட கோதுமை மாவை அரசினர் கைப்பற்றினர். நச்சுப்பொருள் எள்ளளவு சேரினும் குற்றமே என்பது அவர் வாதம். 1914-இல் தலைமை நீதிமன்றம் அதனை ஏற்றிலது. சேர்க்கப்பட்ட பொருள் கொடியது என்பது மட்டும் போதாது. அதனால் அந்த மாவு உண்பார்க்கு ஊறு விளைக்கக்கூடியதாயிற்றா என்பதே வினா என்று தீர்த்தது. ஓர் எச்சத்தொடர் எதனைத் தழுவுகிறது என்னும் இலக்கண ஆராய்ச்சியே அத்தீர்ப்பின் உயிர். மக்கள் உண்ணும் மாவின் நிலை ஒரு தழுவுதொடரிற் கிடந்தது என்பதனை எண்ணுங்கால், இலக்கணம் கற்பதனால் ஆவதென்ன என வினவுவார்க்கு விடை தேடி நெடுந்தொலைவு செல்லவேண்டுவதில்லை.

உயிரியலார் மரபணு மாற்றங்களுள் உயிரின் வாழ்திறனையோ இனப்பெருக்கத் திறனையோ குறைப்பனவற்றை இச்சொல்லாற் சுட்டுவர். அங்கும் ‘எதற்கு’ என்னும் வினா நீங்குவதில்லை. குருதியணுக்களை அரிவாள் வடிவாக்கும் மரபணு, தாய் தந்தை இருவர்வழியும் வந்தால் கடுநோய் தரும். ஒருவர்வழி மட்டும் வந்தால் மலேரியாக் காய்ச்சலின் கடுமையினின்று காக்கும். இதனை 1954-இல் ஆலிசன் ஆப்பிரிக்க மக்களிடை ஆராய்ந்து வெளியிட்டார். நீலகிரி மலைவாழ் மக்களிடை இம்மரபணு உண்மையை அதற்கு ஈராண்டு முன்னரே லேமன், கட்புஷ் என்போர் கண்டறிந்திருந்தனர்.

தமிழில் இச்சொல்லைப் பெயர்ப்பது எங்ஙனம்? ‘நச்சுத்தன்மையுடைய’ என்பது முதலில் நாவில் வருவது. ஆயினும் மேற்காட்டிய சட்டத்தொடரில் நஞ்சு தனியே எண்ணப்பட்டிருத்தலின், அவ்வாறு பெயர்ப்பின் கூறியது கூறலாம். நஞ்சல்லாத கேடுகள் சட்டத்தின் வெளியே நின்றுவிடும். ‘ஊறு’ என்பதோ உறுதலின் அடியாகப் பிறந்து தொடுவுணர்வையும் குறிப்பது. ‘இன்ஜூரியஸ்’ என்பதற்கு அது பொருந்தும். ‘கேடு’ என்பது, பால் கெட்டது, உடல் கெட்டது என்றாற்போல, ஒரு பொருள் தன் நன்னிலை திரிதலைக் குறிக்கும். ஆதலின் ‘கேடு பயக்கும்’ என்பதே எம் கருத்து. அதன் முன்னும் ‘உடலுக்கு’, ‘பயிருக்கு’ என்றாற்போல நான்கனுருபேற்ற பெயர் ஒன்று வெளிப்படையாக வருதல் வேண்டும்.