சமையல் பேச்சு கேட்கப் போனோம்

போன மாதம் எங்கள் திருச்சிக்கு, சமையல் பற்றிப் புத்தகம் எழுதும் ஒரு அம்மா வந்து பேசினார். அனுமதி இலவசம், பெண்கள் அவசியம் வரவும் என்று நோட்டீஸில் போட்டிருந்தது. "சாம்பார் வைக்கிறதைக் கேக்க பஸ் ஏறிப் போகணுமாக்கும்?" என்றார் என்னவர். பதில் சொல்லாமல் மத்தியானச் சாப்பாட்டை மூடி வைத்துவிட்டு, பக்கத்து வீட்டு அக்காவோடு கிளம்பிவிட்டேன்.

நாலு செய்முறை சொல்வார், எழுதிக்கலாம் என்று பேனா, பேப்பரோடு உட்கார்ந்தோம். அந்த அம்மாவோ, "உங்க வீட்டுல திவசத்துக்கு மிளகாய் சேர்ப்பீங்களா?" என்று ஆரம்பித்தார். சேர்க்க மாட்டோம், மிளகுதான் என்று முன்வரிசையில் சிலர் சொன்னார்கள். காரணம் கேட்டால் யாருக்கும் தெரியவில்லை. மிளகாயும் தக்காளியும் உருளைக்கிழங்கும் அமெரிக்கக் கண்டத்துப் பொருட்களாம். வாஸ்கோடகாமா கோழிக்கோட்டுக்கு வந்தது 1498-ல். அதற்குப் பிறகு போர்த்துக்கீசியர் கப்பலில்தான் மிளகாய் நம் பக்கம் வந்ததாம். மிளகு மாதிரி உறைக்கிற காய், அதனால் மிளகாய்! தினமும் சொல்கிற வார்த்தை, ஒரு நாளும் பிரித்துப் பார்த்ததில்லை. புதுசாக வந்ததை விசேஷச் சமையலில் சேர்க்காமல் விட்டதால், ஐந்நூறு வருஷத்துக்கு முந்தைய சமையல் திவச இலையில் இன்னும் இருக்கிறது என்றார். அக்கா என் கையைக் கிள்ளி, "அப்ப ராஜராஜ சோழன் தக்காளி ரசமே சாப்பிட்டதில்லையா?" என்றார். இல்லையே!

பிறகு 'சமைத்துப் பார்' எழுதிய மீனாட்சி அம்மாளைப் பற்றிச் சொன்னார். எங்கள் தெருவிலேயே இரண்டு வீட்டில் அட்டை கிழிந்த அந்தப் புத்தகம் உண்டு. சின்ன வயசிலேயே கணவரை இழந்தவர். உறவுக்காரப் பெண்கள் பக்குவம் கேட்டுக் கேட்டு எழுத, இதைப் புத்தகமாகவே போடேன் என்று மாமா ஒருவர் ஊக்கம் கொடுத்தாராம். முதல் பாகம் 1951-ல் வந்தது. கல்யாணமாகி அமெரிக்கா போன பெண்கள் எத்தனையோ பேர் பெட்டியில் அதுவும் போயிருக்கிறது. இட்லிக்கு எவ்வளவு ஊறப்போடணும் என்பதை மாமியாரிடம் கேட்கக் கூசுகிறவளுக்கும் புரிகிற மாதிரி எழுதினார் பாருங்கள், அதுதான் பெரிய விஷயம்.

கேள்வி நேரத்தில் பின்வரிசையிலிருந்து ஒரு பாட்டி எழுந்தார். "அம்மா, அந்தப் புத்தகத்துல கருவாட்டுக் குழம்பு இருக்கா?" சபையே சிரித்தது. பேச வந்த அம்மா சிரிக்கவில்லை. "இல்லை பாட்டி. அவங்க அவங்க வீட்டுச் சமையலை எழுதினாங்க. உங்க வீட்டுதை யார் எழுதியிருக்கா?" என்று கேட்டார். பாட்டி ஒன்றும் சொல்லாமல் உட்கார்ந்துவிட்டார். என் மனசில் அந்தக் கேள்வி நின்றுவிட்டது.

என் மாமியாருக்கு 74 வயசு. முசிறிப் பக்கத்துக் கிராமம். எழுதப் படிக்கத் தெரியாது. இப்போது கை நடுங்குவதால் அடுப்படிக்கு அதிகம் வருவதில்லை. மறுநாளே என் பெண்ணின் பழைய நோட்டில் மிச்சமிருந்த பக்கங்களை எடுத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தேன். "இதையெல்லாம் போயி யாராச்சும் எழுதுவாகளா?" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். இரண்டு நாள் பிடிவாதம். மூன்றாம் நாள் அவரே, "நெத்திலிக் கருவாடுன்னா சுடுதண்ணியில அலசணும், எழுதிக்க" என்றார்!

அளவுதான் பெரிய பாடு. ஆழாக்கு, உழக்கு, பலம் என்றுதான் சொல்வார். அவருடைய பித்தளை ஆழாக்கில் தண்ணீர் ஊற்றி, மருந்துக் கடை அளவுக் குவளையில் கொட்டிப் பார்த்தேன். 170 மில்லிக்குக் கொஞ்சம் குறைவாக நின்றது. இரண்டு ஆழாக்கு ஒரு உழக்கு. ஒரு பலம் சுமார் 35 கிராம். இதை நோட்டின் முதல் பக்கத்தில் எழ்திவைத்தேன். "உப்பு எவ்வளவு அத்தை?" என்றால், "கருவாட்டுலயே உப்பு இருக்கே. கருவாடு வெந்தப்புறம் நாக்குல வச்சுப் பாத்துட்டுப் போடு" என்கிறார். அதையும் அப்படியே எழுதிவிட்டேன். அதற்குக் கிராம் கணக்கு கிடையாது.

இப்போது சாயங்காலமானால் என்னவரும் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, "அம்மா, நீ பயித்தங்காய் போட்டு ஒரு புளிக்குழம்பு வைப்பியே" என்று எடுத்துக் கொடுக்கிறார். இதுவரை 23 பதார்த்தம் ஆகியிருக்கிறது. கம்பங்கூழ் மட்டும் பாக்கி. கேட்டால், "வெயில் வரட்டும், செஞ்சுகிட்டே சொல்றேன்" என்கிறார் அத்தை.

- ஒரு வாசகி, திருச்சி.