மொத்தம் சரிதான், கடன் யாரிடம் நிற்கிறது?

கொடுக்கல் வாங்கலை எழுதி வைக்குமாறு அல்குர்ஆன் சூரதுல் பகராவின் 282ஆம் வசனத்தில் பணிக்கிறது. எழுதுவதில் நமது வியாபாரிகள் குறை வைப்பதில்லை. எழுதியதை வகை பிரித்துக் கூட்டிப் பார்ப்பதில்தான் பின்நிற்கிறோம்.

காத்தான்குடியில் மொத்த வியாபாரம் செய்யும் ஒருவரை உதாரணமாகக் கொள்வோம். 2014இல் மண்முனைப் பாலம் திறக்கப்பட்ட பின்னர் வாவிக்கு அப்பால் படுவான்கரைக்குச் சரக்கு அனுப்புவது இலகுவாகிவிட்டது. ஆனால் அங்குள்ள கடைக்காரர் விவசாயிகளுக்குக் கடன் கொடுப்பவர். நெல் அறுவடையானால்தான் அவர் கைக்கும் பணம் வரும்.

நமது வியாபாரி காத்தான்குடிக்கு 1, ஏறாவூருக்கு 2, கொக்கட்டிச்சோலைக்கு 3 என இலக்கமிட்டுள்ளார். அவரது கொப்பியில் ஆறு வரிகள்: 1க்கு 12,000, 3க்கு 25,000, 2க்கு 8,000, 3க்கு 30,000, 1க்கு 5,000, 3இலிருந்து வரவு 10,000. வரவைக் கழித்தால் வரவேண்டியது 70,000 ரூபா. ஊர்வாரியாகப் பார்த்தால் காத்தான்குடி 17,000, ஏறாவூர் 8,000, கொக்கட்டிச்சோலை 45,000. அதாவது அரைவாசிக்கு மேற்பட்ட முதல் ஒரே ஊரின் அறுவடையை நம்பி நிற்கிறது! மொத்தத் தொகை இதைச் சொல்லவில்லை.

ஆறு வரிகளைக் கையால் கூட்டலாம். ஆறாயிரத்தைக் கூட்ட முடியுமா? ஒக்டேவ் என்ற இலவசக் கணனி மொழி இதற்கு உதவும். கணக்கை இரண்டு நிரல்கள் கொண்ட தாயமாகக் கொடுக்க வேண்டும். முதல் நிரலில் ஊர் இலக்கம், அடுத்ததில் தொகை. வரவுக்குக் கழித்தல் குறி. 'அக்கியூம்அரே' என்ற கட்டளைக்குப் பின் அடைப்புக்குள் முதலில் இலக்க நிரலையும் அடுத்துத் தொகை நிரலையும் கொடுத்தால் ஊர்வாரி மொத்தம் உடனே வரும். மெட்லாப் மொழியிலும் இதே கட்டளைதான். இலக்கத்துடன் மாதத்தையும் இன்னொரு நிரலாகச் சேர்த்துக் கொடுத்தால், ஊர்கள் நிரைகளாகவும் மாதங்கள் நிரல்களாகவும் அட்டவணை கிடைக்கும். எக்ஸலிலும் இப்படிக் கூட்டலாம். ஆனால் இங்கு ஒருமுறை எழுதிய கட்டளையே மாதாமாதம் போதும்.

இரண்டு விடயங்களில் கவனம் தேவை. இலக்கங்கள் 1இலிருந்து தொடங்கும் முழு எண்களாக இருக்க வேண்டும். பூச்சியம் கொடுத்தால் கட்டளை வேலை செய்யாது. அடுத்து, ஊர்வாரித் தொகைகளைக் கூட்டி மொத்தத்துடன் ஒப்பிடுங்கள். ஆனால் ஒரு ஊரின் கடனை இன்னொரு ஊரின் இலக்கத்தில் பதிந்திருந்தால் மொத்தம் மாறாது. அந்தப் பிழையைக் கணனி காட்டாது, கொப்பியைப் பார்த்துத்தான் பிடிக்க வேண்டும்.

ஸகாத் கணக்கிடும்போதும் இது பயன்படும். கிடைக்கும் என்ற உறுதியுள்ள கடனையும், கிடைக்குமா என்ற சந்தேகத்திலுள்ள கடனையும் தனித்தனி இலக்கமிட்டுக் கூட்டிக்கொண்டு உலமாக்களிடம் சென்றால் தெளிவான பதில் பெறலாம். அடுத்த லொறியில் சரக்கு ஏற்றுமுன் இந்தக் கூட்டலை ஒருமுறை செய்து பாருங்கள். இன்ஷா அல்லாஹ், முதல் ஒரே இடத்தில் முடங்குவதைத் தவிர்க்கலாம்.