பல் பிடுங்கும் முன் போடும் ஊசி: மேல்தாடைக்கு ஒன்று, கீழ்த்தாடைக்கு வேறு

"பல்லைப் பிடுங்கறதுக்குப் பயமில்லே டாக்டர், அந்த ஊசிதான்..." என்று இழுக்காதவர்கள் குறைவு. ஜீவனஹள்ளி, காக்ஸ் டவுன் பக்கம் குடியிருக்கும் நம் குடும்பங்களில் இன்னொரு குறையும் உண்டு: "அக்காவுக்கு ரெண்டு ஊசியோட முடிஞ்சுது, எனக்கு மட்டும் மூணு குத்து!" டாக்டரின் கைராசி இதற்குக் காரணமில்லை. இருவருக்கும் பிடுங்கிய பல் வேறு, அதைச் சுற்றியுள்ள எலும்பும் வேறு.

மேல்தாடையில் கன்னப் பக்கத்து எலும்பு மெல்லியது; நுண்துளைகள் நிறைந்தது. ஈறும் கன்னமும் சேரும் மடிப்பில், வேர் நுனிக்கு நேராக மருந்தைச் செலுத்தினால், அது எலும்புக்குள் ஊறி நரம்பை எட்டிவிடும். இரண்டு மூன்று நிமிடத்தில் பல் மரத்துவிடும். ஆனால் உள்பக்கம், அதாவது அண்ணத்து ஈறுக்கு வரும் நரம்பு வேறு. அதற்குத் தனி ஊசி போட வேண்டும். அதுதான் சுரீரென்று வலிப்பது. அங்கே சதை எலும்போடு ஒட்டிக் கிடப்பதால் மருந்து பரவ இடமில்லை. மரப்புக் களிம்பு தடவி, அந்த இடத்தைச் சற்று அழுத்திப் பிடித்து, சொட்டுச் சொட்டாகச் செலுத்தினால் வலி பெரிதும் குறையும். அவசரமாகச் செலுத்துவதுதான் பாதி வலிக்குக் காரணம்.

வழக்கமான மருந்து லிக்னோகெயின்; சுவீடனில் 1943இல் உருவானது. ஆர்டிகெயின் என்னும் மற்றொரு மருந்து எலும்பில் நன்றாக ஊறக்கூடியது. அதைக் கன்னப் பக்கம் மட்டும் போட்டு மேல்பல் பிடுங்கிய ஆய்வுகள் பலவற்றில், பெரும்பாலோருக்கு அண்ண ஊசியே தேவைப்படவில்லை. இது நல்ல வரவு என்றே எனக்குப் படுகிறது. அதற்காக எல்லோருக்கும் அது போதும் என்று சொல்லிவிட முடியாது.

கீழ்த்தாடைக் கடைவாய்ப் பல்லுக்கு வந்தால் கதை மாறுகிறது. அங்கே எலும்பு தேக்குப் பலகை மாதிரி கெட்டி, மருந்து ஊறாது. ஆகவே நரம்பு தாடை எலும்புக்குள் நுழையும் வாசலிலேயே அதை மறிக்க வேண்டும். 1884இலேயே அமெரிக்க அறுவை மருத்துவர் ஹால்ஸ்டெட் கோகெயின் கொண்டு இதைச் செய்து காட்டினார். வாயை நன்றாகத் திறக்கச் சொல்லி, ஊசியை 2 முதல் 2.5 செ.மீ. வரை உள்ளே செலுத்துவார்கள். எலும்பைத் தொட்டதும் இம்மியளவு பின்வாங்கி, ரத்தம் ஏறுகிறதா என்று இழுத்துப் பார்த்த பிறகே மருந்து போகும். நாக்குப் பக்க நரம்பும் இதிலேயே சேர்ந்து மரக்கும். கன்னப் பக்க ஈறுக்கு மட்டும் இன்னொரு ஊசி.

அந்த வாசல் எல்லோருக்கும் ஒரே இடத்தில் இருப்பதில்லை. அதனால் நூற்றுக்கு 15, 20 பேருக்கு முதல் முயற்சியில் பலன் முழுதாகக் கிடைப்பதில்லை என்று பாடநூல்களே ஒப்புக்கொள்கின்றன. அப்போது போடும் மூன்றாவது குத்தைத் தவறென்று சொல்லக்கூடாது. ஆஸ்திரேலியாவின் கவ்-கேட்ஸ் 1973இல் வெளியிட்ட முறையில் ஊசி இன்னும் மேலே, தாடை மூட்டருகே போகும். ஒரே ஊசியில் பல நரம்புகள் அடங்கும். பலன் தெரியத்தான் சற்று நேரமாகும். ஞானப்பல் வீங்கி வாயே திறக்க முடியாதவர்களுக்கு, வாயை மூடியபடியே போடும் முறை இருக்கிறது. வசீரானி 1960இலும், நைஜீரியாவின் அகினோசி 1977இலும் அதை எழுதிவைத்தார்கள்.

சீழ் பிடித்த பல்லுக்கு எந்த ஊசியும் சரியாகப் பிடிக்காது. அங்குள்ள அமிலத்தன்மை மருந்தை நரம்புக்குள் நுழைய விடுவதில்லை. "முதல்ல மாத்திரை சாப்பிடுங்க, அப்புறம் பார்க்கலாம்" என்று சில சமயம் திருப்பி அனுப்புவதற்கு இதுவும் ஒரு காரணம். ஊசி போட்டதும் நெஞ்சு படபடத்தால், அது பெரும்பாலும் மருந்தோடு கலந்த அட்ரினலின் வேலை. 'ஊசி ஒத்துக்கலை' என்று முடிவு கட்டாமல் டாக்டரிடம் சொல்லுங்கள். இதய நோய், ரத்த அழுத்தம் இருந்தால் முன்பே சொல்லிவிட வேண்டும்.

ஊசி பிடித்ததா என்று சொல்ல வேண்டியவர் நோயாளிதான். கீழ்ப்பல்லானால் அந்தப் பக்கத்துக் கீழுதடு தடித்தாற்போல் மரக்க வேண்டும். அழுத்துவது தெரியும், வலிக்கக் கூடாது. ஊரிலிருந்து வந்திருக்கும் பாட்டி, கன்னடத்தில் என்ன கேட்டாலும் தலையாட்டிவிட்டு வலியைப் பொறுத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். "ஜோமு" வந்ததா என்று டாக்டர் கேட்டால், மரத்துப் போச்சா என்று அர்த்தம். இதைப் பாட்டியிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். "நோவு" என்றால் இரண்டு மொழியிலும் ஒன்றேதான். அதைச் சொன்னாலே டாக்டர் கையை நிறுத்துவார்.