வீட்டுக்குள்ளே ஒரு சினிமாக் கொட்டகை! கழித்துப் போட்ட கம்ப்யூட்டர் போதும்

ஞாயிற்றுக்கிழமை இரவு. சாப்பாடு முடிந்தது. பாட்டி முதல் பேரன் வரை எல்லோரும் டி.வி. முன்னால் உட்கார்ந்துவிட்டார்கள். படம் போடவேண்டியதுதான் பாக்கி.

படம் வரவில்லை! "இந்த டி.வி.யில் இனி இது இயங்காது" என்று ஒரு வரி மட்டும் வந்தது.

எனக்குத் தெரிந்த பள்ளி ஆசிரியர் ஒருவர் வீட்டில் நடந்தது இது. டி.வி. வாங்கி ஆறு ஆண்டுதான் ஆகியிருந்தது. 43 அங்குலத் திரை. '4கே' ரகம். திரையில் ஒரு கீறல்கூட இல்லை.

ஆனால், கடைக்காரர் என்ன சொன்னார் தெரியுமா?

"இதைத் தள்ளிவிட்டுப் புதுசு எடுத்துக்குங்க, சார்!"

ஆசிரியர் எடுக்கவில்லை. அதற்குப் பதிலாக ஒரு காரியம் செய்தார்.

திரைக்கு வயதாகவில்லை

இந்தக் காலத்து டி.வி.யில் இரண்டு பொருள்கள் இருக்கின்றன. ஒன்று, திரை. மற்றொன்று, உள்ளே இருக்கும் சின்னக் கம்ப்யூட்டர். அதுதான் டி.வி.யின் மூளை.

திரை பல ஆண்டுகள் உழைக்கும். மூளைக்குத்தான் சீக்கிரம் வயதாகிறது. சில ஆண்டுகளில் கம்பெனி அதற்குப் புதிய புரோகிராம் அனுப்புவதை நிறுத்திவிடுகிறது.

மூளை பழசானால் திரையையும் எறியவேண்டுமா? வேண்டாம். வெளியிலிருந்து வேறு மூளையை மாட்டிவிடலாம். அதாவது, ஒரு கம்ப்யூட்டரை டி.வி.யுடன் இணைத்துவிடலாம்.

83 லட்சம் புள்ளிகள்

'4கே' என்கிறார்களே, அது என்ன?

திரையில் தெரியும் படம் புள்ளிகளால் ஆனது. 4கே திரையில் குறுக்கே 3,840 புள்ளிகள். மேலிருந்து கீழே 2,160. பெருக்கிப் பாருங்கள். சுமார் 83 லட்சம்! அதற்கு முந்திய 'புல் எச்.டி.' திரையில் சுமார் 21 லட்சம்தான்.

ஆனால், ஓர் எச்சரிக்கை. 43 அங்குலத் திரையை ஐந்தரை அடிக்கு அப்பால் இருந்து பார்த்தால், சாதாரணக் கண்ணுக்கு இந்த இரண்டுக்கும் அதிக வித்தியாசம் தெரியாது. 55 அங்குலமானால் ஏழு அடி. உங்கள் வீட்டில் நாற்காலி எங்கே இருக்கிறது? முதலில் அதை அளந்து பாருங்கள். பிறகு பணத்தை எடுங்கள்.

எந்தக் கம்ப்யூட்டர்?

பஞ்சை அமுக்கிப் பொதியாகக் கட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். 4கே படத்தையும் அப்படித்தான் அமுக்கிக் கட்டி அனுப்புகிறார்கள். கட்டும் முறைக்கு 'எச்.இ.வி.சி.', 'வி.பி.9', 'ஏ.வி.1' என்று பெயர்கள் உண்டு. பொதியைப் பிரிக்கும் வேலை கம்ப்யூட்டருடையது. இதற்கென்றே தனி அமைப்பு உள்ள 'சிப்' இருந்தால், வேலை எளிதாக முடியும். இல்லாவிட்டால் கம்ப்யூட்டர் மூச்சுத் திணறும். படம் திக்கித் திக்கி ஓடும்.

2017-ம் ஆண்டு டெஸ்க்டாப் கம்ப்யூட்டர்களுக்கு வந்த இன்டெல் 7-வது தலைமுறை சிப்புகள் முதல் இரண்டு முறைகளையும் பிரிக்கும். அடையாளம் எளிது. ஐ3, ஐ5 என்பதற்குப் பின்னால் வரும் நான்கு இலக்க எண் 7-ல் தொடங்கும். 7100, 7500 என்று இருக்கும். தனியாகக் 'கிராபிக்ஸ் கார்டு' வாங்கவேண்டாம். அந்தப் பணம் மிச்சம்!

இப்படிப்பட்ட கம்ப்யூட்டர்களை அலுவலகங்கள் இப்போது கழித்துப் போடுகின்றன. 'விண்டோஸ் 10' புரோகிராமுக்கான ஆதரவு 2025-ம் ஆண்டு அக்டோபர் 14-ந் தேதியோடு முடிந்துவிட்டது. 'விண்டோஸ் 11' பெரும்பாலான 7-வது தலைமுறை சிப்புகளை ஏற்பதில்லை. இதுவும் ஒரு காரணம்.

ஆசிரியர் சென்னை ரிச்சி தெருவுக்குப் போனார். தடித்த புத்தகம் அளவே உள்ள சின்னக் கம்ப்யூட்டர் ஒன்றை வாங்கினார். 8 ஜி.பி. மெமரி, 'எஸ்.எஸ்.டி.' டிஸ்க் இரண்டும் அதில் இருந்தன. இந்த வேலைக்கு இது தாராளம்.

புதிதாகத்தான் வாங்குவேன் என்பவர்கள் 'இன்டெல் என்100' சிப் உள்ள சின்னக் கம்ப்யூட்டரைக் கேட்கலாம். 2023-ல் வந்த அந்தச் சிப், 'ஏ.வி.1' பொதியையும் பிரிக்கும்.

குதித்தது படம்!

கம்ப்யூட்டரை டி.வி.யில் மாட்டினார் ஆசிரியர். படம் வந்தது. ஆனால், கிரிக்கெட் போட்டபோது பந்து குதித்துக் குதித்துப் போனது.

"காசைக் கொட்டி இதைத்தான் வாங்கி வந்தீங்களா?" என்றார் மனைவி. ஆசிரியருக்கு முகம் வாடிவிட்டது.

குற்றம் எங்கே? கம்ப்யூட்டரிலா? டி.வி.யிலா? இரண்டிலும் இல்லை. இரண்டையும் சேர்க்கும் துளையில்!

'எச்.டி.எம்.ஐ.' என்ற துளை 2002-ம் ஆண்டு முதல் பார்வைக்கு ஒரே மாதிரிதான் இருக்கிறது. ஆனால், அதன் சக்தி வேறு வேறு. 2009-ல் வந்த 1.4 ரகத்தில் 4கே படம் விநாடிக்கு 30 தடவைதான் போகும். 2013-ல் வந்த 2.0 ரகத்தில் 60 தடவை போகும். 60 தடவை என்றால் விநாடிக்குச் சுமார் 50 கோடி புள்ளிகள்! சின்னக் குழாயில் ஆற்று வெள்ளம் போகுமா?

7-வது தலைமுறை சிப்பின் சொந்த எச்.டி.எம்.ஐ. 1.4 ரகம். ஆனால், அதே பெட்டியின் பின்புறம் 'டிஸ்ப்ளே போர்ட்' என்று இன்னொரு துளை பெரும்பாலும் இருக்கும். அதன் வழியாக 60 தடவை அனுப்பலாம். அதை எச்.டி.எம்.ஐ. 2.0-ஆக மாற்றித் தரும் 'ஆக்டிவ்' ரக அடாப்டர் ஒன்றை ஆசிரியர் வாங்கி மாட்டினார். பந்து ஒழுங்காக ஓடியது!

மூன்று விஷயங்களை மறக்காதீர்கள்.

1. கேபிளில் 'பிரீமியம் ஹை ஸ்பீட்' என்ற முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். அதற்கு மேல் விலை கொடுத்தால் படம் அழகாகிவிடாது.

2. பல டி.வி.க்களில் அந்தத் துளைக்கு முழுச் சக்தி தரும்படி 'செட்டிங்'கில் மாற்றவேண்டும்.

3. சினிமா விநாடிக்கு 24 படம். பேசும்படம் வந்த காலத்து வழக்கம் அது. சினிமா பார்க்கும்போது டி.வி.யையும் 24-க்கு மாற்றினால் படம் சீராக ஓடும்.

புரோகிராம் இலவசம்

'லினக்ஸ் மின்ட்' இலவசம். அதில் படம் போட்டுக் காட்டும் 'கோடி' என்ற புரோகிராமும் இலவசம். பெயர்தான் கோடி, காசு ஒன்றும் இல்லை!

மின்சாரச் செலவு? இத்தகைய சின்னப் பெட்டிகள் பலவற்றின் அடாப்டர் 65 வாட். முழுச் சக்தியையும் இழுத்தால்கூட நாலு மணி நேரத்துக்குக் கால் யூனிட்தான்.

யாருக்கு வேண்டாம்?

கட்டணம் வாங்கிப் படம் காட்டும் பல கம்பெனிகள், 4கே தெளிவை எல்லாக் கம்ப்யூட்டருக்கும் தருவதில்லை. லினக்ஸில் தெளிவு குறைந்தே வரும். அந்தப் படங்கள் மட்டும் போதும் என்பவர்கள், டி.வி.யில் செருகும் 'ஸ்டிக்' வாங்கிக்கொள்ளலாம். செலவு இன்னும் குறைவு.

சொந்தமாகப் படங்களைச் சேர்த்து வைத்திருப்பவர்களுக்கும், பிள்ளைகள் பாடம் எழுத ஒரு கம்ப்யூட்டர் வேண்டும் என்பவர்களுக்கும்தான் இந்தப் பெட்டி லாபம்.

ஆசிரியர் வீட்டில் இப்போது பகலில் மகள் அதில் பாடம் படிக்கிறாள். இரவில் சினிமா.

போன வாரம் ஆசிரியரின் கல்யாண டி.வி.டி.யைப் பென் டிரைவில் ஏற்றிப் போட்டார்கள். டி.வி.டி. படத்தில் நாலு லட்சம் புள்ளிகள்தான். 83 லட்சம் புள்ளித் திரையில் அது கொஞ்சம் மங்கலாகத்தான் தெரிந்தது. எந்தக் கம்ப்யூட்டரும் இல்லாத புள்ளியை உண்டாக்கிவிடாது.

ஆனால், பந்தியில் தாத்தா இலை போட்டுக்கொண்டிருந்தார். அவர் காலமாகி எட்டு ஆண்டு ஆகிறது.

"இன்னொரு தடவை போடுடா" என்றார் பாட்டி.