கூடத்தில் சிக்னல் இல்லை... வீட்டுக்குள்ளேயே டவர் வைக்க முடியுமா?

ஸ்ரீரங்கம் உத்திர வீதியில் என் பாட்டி வீடு. திண்ணையில் உட்கார்ந்தால் போனில் நாலு கோடு. ரேழியில் இரண்டு. கூடத்துக்குள் வந்தால் சுத்தம்! போன மாதம் ஒரு ராத்திரி தாத்தாவுக்கு மூச்சு வாங்க, பாட்டி போனைத் தூக்கிக்கொண்டு இருட்டில் வாசலுக்கு ஓடியிருக்கிறார். தில்லை நகரில் இருக்கும் அத்தைக்கு நாலாவது முறைதான் லைன் கிடைத்தது. தாத்தா இப்போது நலம். ஆனால் பாட்டி என்னை விடவில்லை. "ஏண்டி, கரன்ட் மாதிரி இந்த டவரையும் வீட்டுக்குள்ள இழுத்துக்க முடியாதா?"

இதே கேள்வியை வைத்துப் பெரிய கம்பெனிகள் கோடிகளைக் கொட்டியிருக்கின்றன, பாட்டி!

அந்தப் பெட்டியின் பெயர் ஃபெம்டோசெல். வைஃபை ரவுட்டர் அளவுதான் இருக்கும். பிராட்பேண்டில் செருகினால், வீட்டுக்குள் மட்டும் எட்டும் குட்டி டவராகிவிடும். நாம் பேசுவது இன்டர்நெட் வழியாகப் போய் செல்போன் நிறுவனத்தின் நெட்வொர்க்கில் சேரும். அமெரிக்காவில் ஸ்பிரின்ட் 2007-லும், பிரிட்டனில் வோடஃபோன் 2009-லும் இதை விற்கத் தொடங்கின. ஜப்பானின் சாஃப்ட்பேங்க் 2010-ல் இலவசமாகவே கொடுத்தது.

பெட்டி விற்றால் சிப்பும் விற்கும் அல்லவா? போனுக்கு சிப் செய்யும் குவால்காம், ஃபெம்டோசெல்லுக்கென்றே தனி சிப்களைக் கொண்டுவந்தது. 2012-ல் இந்தத் துறையில் இருந்த டிசைன்ஆர்ட் என்ற இஸ்ரேல் நிறுவனத்தையும் வாங்கியது. பிராட்காம் அதற்கு முன்பே, 2010-ல், பெர்செல்லோவை வாங்கியிருந்தது. வீட்டுக்கு வீடு டவர் என்பதுதான் கணக்கு.

கணக்கு முழுசாகப் பலிக்கவில்லை. செல்போன் அலைவரிசையைப் பயன்படுத்தும் உரிமம் நிறுவனத்திடம் இருப்பதால், அது கொடுத்தால்தான் நாம் இந்தப் பெட்டியை வைக்க முடியும். பக்கத்து டவரோடு மோதாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். சில பெட்டிகளுக்கு இருக்கும் இடம் தெரிய ஜி.பி.எஸ். வேண்டும், அதனால் ஜன்னலோரமாக வைக்கச் சொன்னார்கள். (பாட்டி வீட்டுக் கூடத்தில் ஜன்னலுக்கு எங்கே போவது?) நம் ஊரில் கடைக்குப் போய் வாங்கும் பொருளாக ஃபெம்டோசெல் வரவே இல்லை.

அதற்குள் வைஃபை காலிங் வந்துவிட்டது. பெட்டி செய்த வேலையை வீட்டு ரவுட்டரும் போனுமே செய்துவிடுகின்றன. இந்தியாவில் ஏர்டெல் 2019 டிசம்பரிலும், ஜியோ 2020 ஜனவரியிலும் இதைத் தொடங்கின. குவால்காமும் சும்மா இருக்கவில்லை. வைஃபை சிப் நிறுவனமான ஏதெரோஸை 2011-லேயே வாங்கிப்போட்டது. 2024-ல் சென்னையில் திறந்த அதன் டிசைன் சென்டரும் வைஃபை வேலைக்குத்தான் முக்கியத்துவம் தருகிறது.

ஒரு எச்சரிக்கை: ஆன்லைனில் கிடைக்கும் 'சிக்னல் பூஸ்டர்' ஃபெம்டோசெல் அல்ல. அனுமதியில்லாமல் அதை மாட்டுவது சட்டவிரோதம். உங்கள் வீட்டில் கோடு ஏறலாம், ஆனால் தெருவில் மற்றவர்களின் அழைப்பு அறுந்துபோகும்.

போன ஞாயிறு பாட்டியின் போன் செட்டிங்ஸில் 'வைஃபை காலிங்' ஆன் செய்தேன். கூடத்தில் ஊஞ்சலில் உட்கார்ந்தபடியே அத்தைக்குப் பேசினார். முதல் ரிங்கிலேயே எடுத்துவிட்டார் அத்தை. பேசி முடித்ததும் அடுத்த கேள்வி: "கரன்ட் போனா?"

ரவுட்டருக்கு ஒரு குட்டி யு.பி.எஸ். ஆர்டர் போட்டிருக்கிறேன்.