வளைந்து நிமிரும் மரம்

தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைகள் பச்சைக் கம்பொன்றை வளைத்து, நூல் கட்டி, வில் செய்து விளையாடுவதைத் தாய்மார்கள் கண்டிருப்பீர்கள். காலையில் விறைப்பாக நின்ற அந்த வில் மாலையில் தளர்ந்துவிடும். காரணம், கம்பின் ஈரம். பச்சை மரம் வளைத்த வாக்கிலேயே நின்றுவிடும். உலர்ந்த மரமே மீண்டு நிமிரும். வில்லின் வேலை முழுவதும் இந்த மீட்சியில்தான் இருக்கிறது.

எனவே முடிச்சில்லாத, நார் நேராக ஓடும் மரத்தைத் தேர்ந்து பிளந்து, நிழலில் மெல்ல உலர்த்துவார்கள். விரைந்து காய்ந்தால் நுனி வெடிக்கும் என்பதால் அங்கே மெழுகு பூசுவதும் உண்டு.

வில்லை வளைக்கும்போது எய்பவருக்கு எதிர்ப்புறமுள்ள பக்கம் இழுபடுகிறது. அது வில்லின் முதுகு. அவரை நோக்கிய பக்கம் நெருக்குண்கிறது. அது வயிறு. முதுகில் நார் அறுந்தால் வில் அங்கிருந்தே முறியும். ஆகவே வயிற்றுப் பக்கத்தையே அதிகம் சீவுவார்கள். சிறிது சீவுவதும், நாண் பூட்டி வளைத்துப் பார்ப்பதும், விறைப்பான இடத்தை மீண்டும் சீவுவதுமாக வேலை நடக்கும். மேற்பாதியும் கீழ்ப்பாதியும் ஒத்து வளைய வேண்டும். சீவியதைத் திரும்ப ஒட்ட முடியாது. அவசரக்காரருக்கு இந்தத் தொழில் கைவராது.

துருக்கிய உஸ்மானியர் மரத்தை மட்டும் நம்பவில்லை. நெருக்குண்ணும் வயிற்றில் எருமைக் கொம்பையும், இழுபடும் முதுகில் மிருகத்தின் தசைநாரையும் பசையால் ஒட்டினார்கள். வில் சிறிதானாலும் அம்பு வெகுதூரம் பறந்தது.

ஓர் அம்பின் பொருட்டு, நன்மையை நாடி அதைச் செய்தவர், எய்தவர், எடுத்துக் கொடுத்தவர் ஆகிய மூவருக்கும் நற்கூலி உண்டென்ற கருத்தில் உக்பா இப்னு ஆமிர் (ரழி) அறிவிக்கும் ஹதீஸ் அபூதாவூதில் இடம்பெறுகிறது. செய்தவரும் எய்தவருடன் சேர்த்து எண்ணப்படுவதைக் கவனியுங்கள்.

நமது மலைநாட்டிலிருந்து பதுளை வழியாகக் கீழிறங்கினால் மகியங்கனை. அதற்கு அப்பால் தம்பானையில் வேடர்கள் வாழ்கிறார்கள். அவர்களுடையது ஒரே மரத்துண்டில் செய்த நீண்ட வில். கண்டி இராச்சியத்தில் சுமார் இருபது ஆண்டுகள் சிறையிருந்த றொபர்ட் நொக்ஸ், 1681 இல் வெளியான தம் நூலில் ஒரு செய்தி தருகிறார். அம்பு முனை தேவைப்பட்ட வேடர், இரவில் கொல்லனின் பட்டறையருகே இறைச்சியையும், முனையின் வடிவில் வெட்டிய இலையையும் தொங்கவிட்டுப் போவாராம். கொல்லன் செய்து வைத்தால் மேலும் இறைச்சி கிடைக்கும். முகம் காணாமலே நடந்த வியாபாரம்! ஆனால் மறுத்த கொல்லன் இருளில் அம்புக்கு இலக்காகலாம் என்றும் நொக்ஸ் எழுதுகிறார்.

1983 இல் மாதுறு ஓயா தேசிய வனமாக அறிவிக்கப்பட்டதும், அங்கே வேட்டையாடுவது தடையாயிற்று. வனவிலங்கு பிழைக்க வேண்டும் என்பது நியாயமே. ஆயினும் தலைமுறை தலைமுறையாக அந்தக் காட்டில் உண்டு வாழ்ந்தவர்கள் ஒரே நாளில் குற்றவாளிகளாகக் கருதப்பட்டனர். அவர்களின் தலைவர் ஊருவரிகே வன்னில எத்தோ 1996 இல் ஜெனீவா வரை சென்று இந்த முறையீட்டை வைத்தார்.

இன்று தம்பானையில் உல்லாசப் பயணிகளுக்கு வில்வித்தை காட்டுகிறார்கள். சகோதரிகளே, குடும்பத்தோடு அந்தப் பக்கம் போக நேர்ந்தால் படம் பிடித்ததோடு திரும்பிவிடாதீர்கள். இது எந்த மரம், எப்படி உலர்த்தினீர்கள் என்று பிள்ளைகளைக் கேட்கச் சொல்லுங்கள். கேட்பார் இல்லாத கைத்தொழில், செய்தவரோடு கபுறுக்குள் போய்விடும்.